காப்பீட்டு அட்டையில பெண்களுக்கு மாமோகிராம் (மார்புல கட்டி இருக்கான்னு பாக்குற ஸ்கேன்) சேக்கச் சொல்லி மூணாவது தடவையா குடுக்குற மனு

உயர்திரு கலெக்டர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ரயில்வே கேட் தாண்டி பூ மார்க்கெட்டுக்குப் பின்னாடி இருக்குற எங்க தெரு உங்களுக்கே தெரியும், போன மழைக்கு முழங்கால் தண்ணியில நடந்து வந்து பாத்தீங்க. திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல ரெண்டு தடவ மனு குடுத்தாச்சு, ரெண்டுக்கும் பரிசீலனையில் உள்ளதுன்னு ஒரு மெசேஜ், அதோட சரி. தயவுசெஞ்சு இதையாவது கடைசி வரைக்கும் படிங்க ஐயா.

1. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்ககிட்ட இருக்கு. வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் வைத்தியம். நல்ல திட்டம், எங்க அக்கா உயிரோட இருக்குறதே அதனாலதான்.

2. ஆனா நோய் வந்தப்புறம்தான் அது வேலை செய்யுது. மாமோகிராம் எடுக்கப் போனா, டாக்டர் சந்தேகம்னு எழுதித் தரணும், சும்மா செக்கப்புக்கு கார்டு கிடையாதுன்னு கவுன்ட்டர்லயே திருப்பி அனுப்புறாங்க. எங்களக் கேட்டது 2,000 ரூபா.

3. அக்காவுக்கு 46 வயசு. 2023-ல அந்த ஸ்கேனுக்குப் போய், காசு கேட்டதும், வலி இல்லையே அப்புறம் பாத்துக்கலாம்னு திரும்பி வந்துட்டா. ஒன்றரை வருஷம் கழிச்சு குளிக்கும்போது மார்புல கட்டி கையில தட்டுப்பட்டுச்சு, அதுக்குள்ள புற்றுநோய் அக்குள் வரைக்கும் போயிருச்சு. அட்டையிலயே ஆபரேஷன், கீமோ, கரண்ட் (ரேடியேஷன்) எல்லாம் ஆச்சு. மார எடுத்தாங்க, அக்குள்ல இருந்த நெறிக்கட்டியையும் எடுத்தாங்க, அதுக்கப்புறம் இடது கை வீங்கினது வீங்கினபடியே கிடக்கு, வளையல் ஏறல, ஜாக்கெட் கையப் பிரிச்சு விட்டுத்தான் போடுறா. முன்னாடி பேசிக்கிட்டே குனிஞ்சு பாக்காம முழம் முழமா பூ கட்டுவா ஐயா. இப்ப நாலு கண்ணி கட்டுறதுக்குள்ள விரல் மரத்துப் போய், நாரும் பூவும் மடியில கிடக்க அப்படியே உக்காந்திருக்கா. 2,000 தர மாட்டேன்னு சொன்ன அதே அட்டை பிறகு லட்சக்கணக்குல குடுத்துச்சே, இது என்ன கணக்கு? பூ கட்டுற எங்களுக்குப் புரியுறது ஆபீஸ்ல உக்காந்திருக்குறவங்களுக்குப் புரியலையா?

4. பழைய வரி முறையில வருமான வரி கட்டுறவங்க முழு உடம்பு செக்கப் பண்ணா 5,000 ரூபா வரைக்கும் வருமானத்துல கழிச்சுக்கலாமாம். எங்களுக்கு? 14 வயசுப் பிள்ளைங்களுக்கு கர்ப்பப்பை வாய் புற்றுநோய் ஊசிக்கு 2025 பட்ஜெட்ல 36 கோடி ஒதுக்குனாங்க, சந்தோஷம், அந்தப் பிள்ளைங்களோட அம்மாவ யாரு பாக்குறது?

5. ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸம்மா கையால தொட்டுப் பாக்குறாங்க, குறை சொல்லல. கைக்குத் தட்டுப்படாத கட்டிக்குத்தான ஐயா மாமோகிராம்.

6. 40 வயசு தாண்டுன பொம்பளைங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது, அட்மிட் ஆகாம, சீட்டு கேக்காம, அட்டையிலயே மாமோகிராம் எடுக்க வழி பண்ணுங்க. உங்க கையில மட்டும் இல்லன்னு தெரியும், மேல பரிந்துரை பண்ணி ஒரு லெட்டர் போடுங்க. அதுவரைக்கும் ஸ்கேன் வண்டிய எங்க தெருவுக்கு அனுப்புங்க, காலையில வேணாம், மார்க்கெட் நேரம், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வந்தா எல்லாரும் இருப்போம். கெஞ்சிக் கேக்குறோம் ஐயா, லெட்டர் ஒண்ணு, வண்டி ஒண்ணு.

அக்காவுக்கு வந்தா தங்கச்சியும் பாத்துக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. எனக்கு 43. இன்னும் எடுக்கல.

இப்படிக்கு,
பூ மார்க்கெட் பின்தெரு பெண்கள்
(கையெழுத்தும் கைநாட்டும் பின்பக்கம்)