நினைவுப் புலமைப்பரிசில் நிதியம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நன்கொடையாளர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

செயற்குழு இவ்வருடம் மாதந்தோறும் தவறாமல் கூடியது. கணக்காய்வு செய்யப்பட்ட கணக்குகள் பொருளாளரின் அறிக்கையோடு உங்கள் கையில் இருப்பதால் அவற்றை நான் திரும்ப வாசிக்கவில்லை. கூடுதல் நேரம் எடுத்துப் பேச வேண்டியது வட்டியைப் பற்றி.

அம்மாவின் நினைவாகவோ, அகாலத்தில் போன மகனின் நினைவாகவோ ஒரு குடும்பம் தரும் முதற்பணத்தை நாம் நிலையான வைப்பில் இடுகிறோம். முதற்பணத்தில் கை வைப்பதில்லை. வட்டி பல்கலைக்கழக மாணவருக்குப் போகிறது. ஐந்து இலட்சம் ரூபா வைப்பொன்றை எடுத்துக்கொள்வோம். 2023 தொடக்கத்தில் 20 சதவீத வட்டிக்கு இட்டிருந்தால், வங்கியே பிடித்துக்கொள்ளும் 5 சதவீத நிறுத்திவைத்தல் வரி போக வருடத்துக்கு 95,000 ரூபா வந்திருக்கும். இன்று 8 சதவீதத்தில் வட்டி 40,000 ரூபாதான். 2025 ஏப்ரல் முதல் அந்த வரியும் 10 சதவீதமாகிவிட்டது. கைக்கு வருவது 36,000. மாதம் 3,000 ரூபா. வெள்ளவத்தையிலோ கட்டுபெத்தையிலோ அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைக்கு இது எந்த மூலைக்கு? வட்டி இறங்கியது, 2022இல் ஏறிய சாப்பாட்டு விலை இறங்கவில்லை.

“கம்பஸில் கட்டணம் இல்லைத்தானே, பிறகேன் உதவி?” என்று இவ்வருடமும் ஓர் அன்பர் கேட்டார். இலவசக் கல்வி இல்லாவிட்டால் எங்களில் பலர் படித்தே இருக்க மாட்டோம், அதை மறக்கவில்லை. ஆனால் அறை வாடகை, பஸ் காசு, மடிக்கணினி, போட்டோகொப்பி எல்லாம் பிள்ளையின் தலையில்தான். 1981இல் அமைச்சர் லலித் அத்துலத்முதலி தொடங்கிவைத்த மகாபொல என்ற பல்கலைக்கழகப் புலமைப்பரிசில், 2025 ஏப்ரலில் மாதம் 5,000இலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது பெரிய ஆறுதல். அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. தகப்பனின் சம்பளம் தாளில் கொஞ்சம் கூடித் தெரிந்தாலே பிள்ளை வெளியே நின்றுவிடும். அந்தச் சம்பளத்தில் வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், யாருக்கு மருந்து வாங்குகிறார்கள் என்பது தாளில் வராது. எமக்கு வரும் விண்ணப்பங்களில் பல இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான்.

முதற்பணத்திலிருந்து கொஞ்சம் எடுக்கலாம் என்று குழுவில் ஒரு கருத்து எழுந்தது. நான் உடன்படவில்லை. அந்தப் பெயர் நிலைக்கும் என்று சொல்லித்தான் அந்தக் குடும்பங்களிடம் பணம் வாங்கினோம். அதேபோல, முதலாம் வருடத்தில் கைகொடுத்த பிள்ளையை இடையில் விடவும் முடியாது. மருத்துவம் ஐந்து வருடம், பொறியியல் நான்கு வருடம். ஆகவே புதிதாகச் சேர்ப்பவர்களைக் குறைத்தோம். ஏற்கெனவே பெறுபவர்களின் தொகை குறையாதபடி வருடாந்தம் நிரப்பித்தரும்படி நன்கொடையாளர்களைக் கேட்டோம். பெரும்பாலானோர் சம்மதித்தார்கள். புதிய மாணவர்களுக்கு “இம்முறை இல்லை” என்று கடிதம் எழுதியதுதான் இவ்வருடத்தின் கடினமான வேலை.

கொட்டாஞ்சேனையில் இளைப்பாறிய ஆசிரியை ஒருவர், கணவரின் திவசத்துக்குச் செய்யும் விருந்தைச் சுருக்கி அந்தப் பணத்தைத் தருகிறார். படம் வேண்டாம், பேர்ப்பலகை வேண்டாம், பிள்ளையின் கையெழுத்தில் ஒரு கடிதம் போதும் என்றார். விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்ததால் முதல் தவணையில் ஒன்றும் விளங்காமல் அழுததையும், பிறகு பின்வாங்கில் இருந்து முன்வாங்குக்கு மாறியதையும் அந்த மாணவன் எழுதியிருந்தான். திவசத்தன்று கணவரின் படத்துக்கு முன்னால் இருந்து அதை உரத்து வாசித்தேன் என்று அவர் தொலைபேசியில் சொன்னார். இனி எல்லா மாணவரிடமும் வருடத்துக்கு ஒரு கடிதம் கேட்கிறோம்.

மேடையில் காசோலை கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டோம். போன வருடம் விழாவுக்கு வராத மாணவியிடம் காரணம் கேட்டேன். “பட்ச்சில எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும், அங்கிள்” என்றாள். பணம் இப்போது நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது.

ஒரு தவறையும் பதிய வேண்டும். கையொப்பமிட வேண்டியவர் வெளிநாட்டில் இருந்ததால் ஜூன், ஜூலைக் கொடுப்பனவுகள் பிந்தின. ஒரு மாணவர் வாடகைக்குக் கடன் வாங்கியிருக்கிறார். அது எம்முடைய பிழை. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். இப்போது மூவரில் எவர் இருவரும் ஒப்பமிடலாம்.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டபோது, எமது மாணவர் இருவரின் குடும்பங்கள் மண்சரிவு அபாயத்தால் வீட்டை விட்டு வெளியேறின. அவசர உதவியாக ஒரு மாதத் தொகையை இருமடங்காக அனுப்பினோம். குழுவின் முன் அனுமதி இல்லாமல் செய்ததால் இன்றைய கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன்.

அடுத்த வருட விண்ணப்பப் படிவங்கள் வாசலில் உள்ளன. கிராம அலுவலரின் சான்றிதழோடு, வீட்டுச் செலவை மாணவரே சொந்த வார்த்தையில் எழுதும் ஒரு பக்கத்தையும் இம்முறை சேர்த்திருக்கிறோம். தெரிந்த பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்