தஞ்சை விமானத் தளத்தின் வயது

ஆசிரியருக்கு வணக்கம்.

தஞ்சாவூர் விமானப்படைத் தளம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். சுகோய் போர் விமானங்களைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் தளத்தின் கதையை 2013-இல் ஆரம்பித்ததுதான் மனதுக்கு ஒப்பவில்லை. அந்த ஆண்டு மே 27-ஆம் தேதி அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி திறந்து வைத்தது உண்மைதான். அதற்கும் எழுபது வருடம் முன்பே அங்கே விமானம் இறங்கியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1940 வாக்கில், வெள்ளைக்காரர்கள் போட்ட ஓடுதளம் அது. என் அப்பாயி கடைசி வரை அந்த இடத்தை 'ஏரோட்ரம்' என்றுதான் சொல்வார். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஜல்லி சுமக்கப் போனவர். தலையில் சும்மாடு வைத்து, கூடை கூடையாகக் கொட்டியதை எங்களுக்குக் கையால் காட்டிக் காட்டிச் சொல்வார். உச்சந்தலையில் ஒரு இடத்தில் முடியே வளராமல் போயிருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்.

போர் முடிந்த பிறகு நெடுங்காலம் அந்த இடம் சும்மா கிடந்தது. இடையில் வாயுதூத் நிறுவனத்தின் சிறிய விமானம் சென்னையிலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்தது. போதுமான ஆட்கள் ஏறாததால் அதுவும் நின்றது. அப்புறம்தான் விமானப்படை வந்தது.

2020 ஜனவரி 20-ஆம் தேதி, 'டைகர் ஷார்க்ஸ்' எனப்படும் 222-ஆம் படைப்பிரிவு இங்கே முறைப்படி சேர்க்கப்பட்டது. அப்போதைய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்திருந்தார். தென்னிந்தியாவில் நிறுத்தப்பட்ட முதல் சுகோய்-30 படைப்பிரிவு இதுதான். இந்த விமானத்தில் ஏற்றும் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்றே இரண்டரை டன் எடை. அதைத் தாங்குவதற்காக விமானத்தின் அடிப்பகுதியை வலுப்படுத்த வேண்டியிருந்தது. கடலில் போகும் கப்பலைத் தொலைவிலிருந்தே தாக்கக்கூடிய ஆயுதம் அது. வங்கக் கடல், அரபிக் கடல், இந்தியப் பெருங்கடல் என மூன்று பக்கமும் இங்கிருந்து பறந்து போகலாம் என்பதுதான் தஞ்சாவூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். பாகிஸ்தான் எல்லையையும் சீன எல்லையையும் பார்த்தே பழகிய போர் விமானங்கள் தெற்கே கடலைப் பார்த்து நிற்பது சின்ன மாற்றம் இல்லை.

புதுக்கோட்டை சாலைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு மேல், விமானம் ஏறும்போது அலமாரியில் சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். எங்களுக்கு அதில் குறையே இல்லை. பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். எது சுகோய், எது சரக்கு விமானம் என்று சத்தத்தை வைத்தே சொல்கிறார்கள். அந்த ஓடுதளத்தில் முதன்முதலில் கல் கொட்டியது யார் என்று கேட்டால் மட்டும் விழிக்கிறார்கள்.

ஜல்லி சுமந்த தலைமுறையில் இன்னும் ஒருசிலர் சுற்றுவட்டக் கிராமங்களில் இருக்கலாம். இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். தளத்துக்கு வெளியே, பொதுமக்கள் பார்க்கும்படி, 1940-இலிருந்து அதன் வரலாற்றைத் தமிழில் எழுதி ஒரு பலகை வைக்க விமானப்படை அதிகாரிகளும் மாவட்ட நிர்வாகமும் முன்வர வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.