பழைய வெள்ளிக் காசு: விலையோடு எடையையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய நாணயம் ஒன்று பல்லாயிரம் வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்டுக்கு) விலைபோனதாகச் செய்தி வரும்போதெல்லாம், பினாங்கில் நெடுங்காலமாக நாணயம் சேர்த்துவரும் என்னிடம் அக்கம்பக்கத்தார் பெட்டியில் கிடந்த காசுகளை எடுத்து வருகிறார்கள். பலர் மனம் வாடித் திரும்புவதைப் பார்த்துச் சகிக்காமல்தான் இதை எழுதுகிறேன். அத்தகைய செய்திகளில் விலையோடு காசின் எடை, உலோகம், தேய்மானம் ஆகியவற்றையும் தாங்கள் தவறாமல் குறிப்பிட வேண்டும்.

சென்ற மாதம் எங்கள் தெரு அக்கா ஒருவர், 1908 என்று பொறித்த எட்வர்டு மன்னர் தலை டாலர் ஒன்றைக் கொண்டுவந்தார். நல்ல கனம், அதனால் அசல்தான் என்று விற்றவர் சொன்னாராம். ஆனால் அந்தக் கனமே அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. என் நகைத் தராசில் அது 26 கிராமைத் தாண்டியது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பழைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான நீரிணைக் குடியேற்றங்களின் இந்த டாலர் முதன்முதலில் 1903இல் வெளிவந்தபோது அதன் எடை 26.95 கிராம். 1906இல் டாலரின் மதிப்பை பிரிட்டிஷ் பணத்தில் 2 ஷில்லிங் 4 பென்சு என நிலைநிறுத்திய காலத்தில் வெள்ளி விலை ஏறி, காசைச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பதே லாபம் என்ற நிலை வந்ததால், 1907 முதல் அதை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். ஆகவே 1908ஆம் ஆண்டுக் காசு 26 கிராம் இருக்க வழியே இல்லை.

எடை சரியாக இருந்தாலும் அதோடு நிறுத்திவிடக் கூடாது. தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்து, எண்ணைச் சுழியாக்கிவிட்டு, காசை நூலில் கட்டி அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்கவிடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி கலந்த 1903ஆம் ஆண்டு டாலர் என்றால் தராசு ஏறத்தாழ 2.6 கிராம் காட்டும். அதே எடையில் செம்பும் நிக்கலும் கலந்து செய்த போலி 3 கிராமை ஒட்டிக் காட்டும். பிறகு விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வார்ப்பில் செய்த போலியில் நடுவே மெல்லிய இணைப்புக் கோடும் குமிழித் துளைகளும் தென்படுவதுண்டு. பிரிட்டனின் உருவகமான பிரித்தானியா தேவி சூலாயுதத்தோடு நிற்கும், கிழக்காசிய வணிகத்துக்காகப் பிரிட்டிஷார் அச்சிட்ட வணிக டாலரில் 1895க்கு முந்தைய ஆண்டு இருந்தால் போலி என்று அறியத் தராசுகூடத் தேவையில்லை, ஏனெனில் அந்தக் காசு முதன்முதலில் அச்சானதே 1895இல்தான்.

போலியைவிட எனக்கு அதிக வேதனை தருவது அசல் காசுகளின் கதி. வெள்ளிக்கிழமைதோறும் பூசையறைக் காசைப் புளி போட்டுத் தேய்த்து மினுக்குவது நம் வீடுகளில் பக்தியோடு செய்யும் வேலை. என் தாயாரும் செய்தவர்தான். அப்படித் தேய்க்கத் தேய்க்க மன்னரின் தாடி மயிர்க்கோடுகள் மழுங்கி, பல்லாண்டுகளாகப் படிந்த கருமை போய், மேற்பரப்பெங்கும் கீறல் விழுகிறது. சேகரிப்பவர் அந்தக் காசுக்குப் பெரும்பாலும் வெள்ளியின் எடைக்குரிய விலையை மட்டுமே தருவார். ரிங்கிட்டை இன்றும் 'வெள்ளி' என்றே சொல்லிவரும் நம் வீடுகளில், அந்தப் பெயருக்குக் காரணமான காசுகள் இப்படி அழிவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

கோலாலம்பூர் செல்பவர்கள் பேங்க் நெகாரா அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்தில் அசல் காசுகளை நேரில் பார்க்கலாம். அதுவரை வீட்டுக் காசைத் தேய்க்காமல், விற்காமல், காகித உறையில் இட்டு வைத்திருக்குமாறு தங்கள் நாளிதழ் வழியாக வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாணயம் சேகரிக்கும் வாசகர்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு