விடுமுறைக் காசை அவர்களே சம்பாதிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு பிள்ளைகள் கேட்ட செல்போனை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அந்த விலையில் ஒரு பங்கையாவது அவர்களே உழைத்துச் சேர்க்கட்டும் என்கிறோம். ஏப்ரல், மே மாதங்களில் வீட்டிலேயே செய்யக்கூடிய தொழில், பால் காளான் வளர்ப்பு. சிப்பிக் காளானுக்கு 23 முதல் 28 டிகிரி வேண்டும். சமவெளிக் கோடையில் அது கைகொடுக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏ.பி.கே-2 ரகப் பால் காளான் 30 முதல் 35 டிகிரியில் நன்றாக வரும்.

மழையில் நனையாத, பொன்னிறமான புது வைக்கோலை 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். (கொதிக்கும் டிரம்மின் பக்கத்தில் மட்டும் பெரியவர்கள் நிற்கட்டும்.) பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். இறுக்கிப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, உள்ளங்கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். பெரும்பாலானவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். அவசரப்பட்டு ஈரத்தோடு பையில் அடைத்தாலும், வைக்கோல் அரைகுறையாக வெந்திருந்தாலும், பத்து நாளில் பச்சைப் பூசணம் பிடித்துவிடும். அந்தப் பையை அறைக்குள் பிரிக்காமல் வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிட வேண்டும்.

60க்கு 30 செ.மீ. பாலிதீன் பையின் நடுவில் இரண்டு துளையிட்டு, 5 செ.மீ. உயரத்துக்கு வைக்கோல், அதன் ஓரத்தில் வித்து (தானியத்தில் வளர்த்த காளான் பூசணம்) என்று அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். இப்படி நிரப்பிய பைதான் படுக்கை. ஒரு வித்துப் பை இரண்டு படுக்கைக்குப் போதும். 15 முதல் 20 நாளில் வெண்மையான காளான் இழை முழுதும் பரவியதும் படுக்கையைக் குறுக்கே சரிபாதியாக வெட்டி, ஆவியில் வேகவைத்து ஆறிய தோட்டத்து மண்ணை 2 செ.மீ. கனத்துக்கு மேலே பரப்ப வேண்டும். மண் ஈரம் காயாமல் தினமும் தெளிக்க வேண்டும். ஊற்றினால் மண் இறுகி மொட்டு அழுகும். ஒரு நாள் மறந்தால் மொட்டு கருகும். வெளிச்சமும் காற்றும் இல்லாத அறையில் தண்டு நீண்டு குடை சிறுக்கும்.

மண் போட்ட 8 முதல் 10 நாளில் மொட்டு வரும். அதிலிருந்து ஒரு வாரத்தில் அறுவடை. அறுவடை நாளில் மட்டும், பறித்த பின்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும். நனைந்த காளான் விற்கும் பையில் மஞ்சளாகிவிடும். சிப்பிக் காளானைவிடப் பால் காளான் அதிக நாள் தாங்குவதால், புதிதாக விற்கப் பழகும் பிள்ளைகளுக்குப் பதற்றம் குறைவு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வித்து, பை, விறகுச் செலவைக் கடனாகக் கொடுங்கள். நோட்டில் எழுதச் சொல்லி, முதல் விற்பனையிலேயே திருப்பி வாங்குங்கள். பிள்ளை தூங்குகிறான் என்று நீங்கள் போய்த் தண்ணீர் தெளிக்காதீர்கள். அவன் மறந்து கருகிய படுக்கை அவன் கணக்கிலேயே இருக்கட்டும். அப்போதுதான் அடுத்த படுக்கைக்குத் தானே எழுந்து வருவான். உழைக்காத காசையும் சேர்த்துக் கொடுத்தால் அவன் கணக்கு நோட்டுக்கு மதிப்பே இருக்காது.

வேளாண் அறிவியல் நிலையங்கள் தேர்வு முடிந்த முதல் சனிக்கிழமையே மாணவர்களுக்கென்று தனிப் பயிற்சி நடத்தி, அன்றே வித்தும் கொடுத்தனுப்பினால், கல்லூரி திறப்பதற்குள் முதல் அறுவடையை விற்று முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
காளான் வளர்ப்போர் சிலர்,
திண்டுக்கல் மாவட்டம்