யார் வீட்டு அரிசி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு கட்டுரையில் 'வடமாநிலத்தவர் நம் ரேஷன் அரிசியிலும் பங்கு கேட்கிறார்கள்' என்று ஒரு வரி. எழுதியவர் ரேஷன் கடைப் பக்கம் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும்.

எந்த மாநில அட்டைக்கும் எந்த ஊரிலும் ரேஷன் தரும் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் தமிழகத்துக்கு வந்தது 2020 அக்டோபரில். பீகார் அட்டைக்காரர் இங்கே வாங்குவது 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். இங்கே வாங்கினால் அந்த மாதம் அவர் பங்கு ஊரில் கிடையாது. நம் மாநிலம் கொடுக்கும் துவரம்பருப்பும் பாமாயிலும் அவருக்கில்லை. இதில் நம் பங்கு எங்கே குறைந்தது?

அந்த 5 கிலோவும் லேசில் கைக்கு வராது. சிமென்ட் குழைத்த விரலில் ரேகை ஏது? நாலு தடவை அழுத்துவார், மிஷின் ஏற்காது. ஓடிபி அனுப்பலாமென்றால், ஆதாரில் இருப்பது எப்போதோ தொலைந்த சிம். பின்னால் நிற்பவர் 'ஹிந்திக்காரனாலதான் லேட்டு' என்பார். உங்கள் கட்டுரையாளரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்.

கட்டடத் தொழிலாளர் நலவாரியம் வேறு கதை. கட்டடச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கென்று பிடிக்கிறார்கள். பதிவு செய்யப் போனால் 12 மாதத்தில் 90 நாள் வேலை பார்த்த சான்று வேண்டும். அதில் கையெழுத்துப் போட்டால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எங்கே என்று கேள்வி வருமே, கான்ட்ராக்டர் போடுவாரா? சென்னை மவுலிவாக்கத்தில் 2014-ல் கட்டடம் இடிந்து 61 பேர் செத்தார்கள். பலர் ஆந்திரா, ஒடிசாக்காரர்கள். இடிபாட்டில் பங்கு கேட்டார்கள் என்று அன்று யாரும் எழுதவில்லை.

செயின் பறித்தவன் உள்ளூர் என்றால் 'வாலிபர் கைது', வெளியூர் என்றால் 'வடமாநில வாலிபர் கைது'. இதுவும் தங்கள் பக்கங்களில்தான். 1960-களில் மும்பையில் 'மதராசி' என்று நம்மவர்களை விரட்டியது தாங்கள் அறியாததா?

மறுப்பெல்லாம் வேண்டாம். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு நாலு வரியில் ஒரு பெட்டிச் செய்தி போதும்: ரேஷன் அட்டை எண்ணும் ஆதாரும் கொண்டு போகவும். தன் பங்கை மட்டும் இங்கே வாங்கலாம், ஊரிலுள்ள குடும்பத்தின் பங்கு போகாது. ரேகை விழாவிட்டால் கருவிழிப் பதிவு கேட்கவும். மறுத்தால் 1967 என்ற எண்ணுக்குப் போன் செய்யவும்.

ஹிந்தி எழுத்து அச்சில் இல்லை என்பீர்கள். தமிழிலேயே போடுங்கள், கடைக்காரர்களாவது படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பத்தூர், சென்னை