டீசல் என்ஜினில் கேஸ் கலந்து ஓட்டும் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம். கேஸ் மிக்ஸர் (உள்ளே போகும் காற்றோடு கேஸைக் கலக்கும் கருவி) மாட்டிக்கொண்டு போகிற பலரும் கேட்பது ஒன்றுதான்: "இனி டீசலை முழுசா நிறுத்திடலாமா?"

முடியாது. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் அழுத்தி அழுத்திச் சூடாக்கிய காற்றில் டீசல் பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது, அதற்கு 250 டிகிரி செல்சியஸ்கூடத் தேவையில்லை. பயோகேஸிலும் இயற்கை எரிவாயுவிலும் எரியக்கூடிய முக்கியப் பொருளான மீத்தேனுக்கோ 500 டிகிரிக்கு மேல் வேண்டும், அப்போதும் கிடைக்கிற அந்தக் கண நேரத்துக்குள் நம்பும்படி பற்றாது. அதனால் காற்றோடு உள்ளே போகும் கேஸைப் பற்றவைக்க ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் டீசல் பீய்ச்சியே ஆக வேண்டும்.

கேஸைத் திறந்ததும் என்ஜின் வேகமெடுக்கப் பார்க்கும், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் உடனே டீசலைக் குறைத்துவிடும். மிச்சம் வருவது இப்படித்தான், டீசல் பக்கம் நீங்கள் கைவைக்கவே வேண்டாம். பயோகேஸ், இயற்கை எரிவாயு என்றால் நல்ல லோடில் 60, 70 சதவீதம் வரை டீசல் குறையும். எல்பிஜியில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள், அது சீக்கிரமே தட்ட (கேஸ் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிந்து டக் டக் என்று சத்தம் வர) ஆரம்பித்துவிடும். லோடு குறைவாக இருந்தால் கலவை மெலிந்து, கேஸில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். அந்த நேரத்தில் டீசலிலேயே ஓட்டுவதுதான் நல்லது.

போன மாதம் ஒரு என்ஜினைப் பிரித்தோம். பிஸ்டன் தலையின் ஓரம் எலி கொறித்த மாதிரி அரித்துப் போயிருந்தது, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாசில் முனை நீலம் பாய்ந்திருந்தது. ஓட்டியவர் இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று, டக் டக் என்று தட்டும் சத்தம் கேட்ட பிறகும் கேஸ் வால்வைத் திறந்துகொண்டே போயிருக்கிறார். நாசிலைக் குளிர்விப்பதே அதன் வழியாகப் போகும் டீசல்தான், அது ரொம்பக் குறைந்தால் முனை வெந்துவிடும். இதையெல்லாம் மாட்டிக்கொடுத்த அன்றே நாங்கள் விளக்கியிருக்க வேண்டும், அந்த வருத்தத்தில்தான் இந்த மடல்.

சரி, இனி டீசலிலேயே ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடாகி லோடு ஏறிய பிறகு கேஸை மெதுவாகத் திறங்கள். நிறுத்தும்போது முதலில் கேஸ், அப்புறம்தான் டீசல். பயோகேஸ் ஓட்டுகிறவர்கள் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள், அதிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு பேரிங்கை அரிக்கும். என்ஜின் நின்றாலோ வேகம் எகிறினாலோ கேஸைத் தானாக அடைக்கும் வால்வு இல்லாதவர்கள் அதை மாட்டாமல் ஓட்டவே வேண்டாம். தட்டும் சத்தம் கேட்டால் கேஸை அடைத்து டீசலுக்கு மாற்றிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள், வந்து பார்க்கிறோம்.