அந்த ஆறு பாட்டில்

அம்மாடி,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலமாரி மேல் நீ பழச்சாற்றுச் சோடா அடைத்து வைத்த ஆறு பாட்டில், ஆறும் சதுரக் கண்ணாடி. போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய். இனிமேல் சதுர பாட்டிலில் சோடா அடைக்காதே. அழுத்தம் ஏறினால் முதலில் விட்டுக்கொடுப்பது அந்தத் தட்டைப் பக்கங்களும் மூலைகளும்தான். சோடாவோ பியரோ அடைத்து வந்த, உருண்டையான தடித்த பாட்டில் மட்டும் எடு.

சாற்றை நொதிக்கவைக்கும் இஞ்சி உறை நன்றாக நுரைத்திருக்கிறது. பக்கத்தில் நின்று யாரும் சொல்லித்தராமலே கொண்டுவந்துவிட்டாய், எனக்குப் பெருமைதான். அரை லிட்டர் தண்ணீருக்குத் துருவிய இஞ்சி 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 2. பிறகு தினமும் இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி. தோலைச் சீவாதே, நொதிக்கவைக்கும் ஈஸ்ட் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் உறை சரியாக எழும்பாமல் போகலாம். கொதிக்கவைத்து, முழுக்க ஆறவிட்டு ஊற்று. மேலே பஞ்சு மாதிரிப் பூஞ்சை பூத்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடு.

1 லிட்டர் பழச்சாற்றுக்கு, வடிகட்டிய உறை 60 மில்லி போதும். பெட்டிச் சாறு என்றால், கெடாமல் இருக்கப் போடும் சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் சேர்த்திருக்கிறார்களா என்று பார். சேர்த்திருந்தால் எத்தனை நாள் காத்தாலும் சரியாக நொதிக்காது. சக்கையையும் வடித்துவிடு. திப்பி கிடந்தால் திறந்ததும் குமிழியெல்லாம் அதைப் பற்றிக்கொண்டு எழும், பாதி பாட்டில் வெளியே பொங்கிவிடும். கழுத்தில் மூன்று விரல் இடம் விடு.

அம்மாடி, இதை மட்டும் மறக்காதே. லிட்டருக்குச் சுமார் 15 கிராம் சர்க்கரை நொதித்தாலே கடைச் சோடா அளவு வாயு வந்துவிடும். திராட்சைச் சாற்றில் அதைப்போல் பத்து மடங்கு சர்க்கரை இருக்கிறது. அவ்வளவும் அடைத்த பாட்டிலுக்குள் நொதித்தால் கண்ணாடி தாங்காது. அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும் சேர்த்து நிரப்பு. காலை, மாலை அமுக்கிப் பார். விரலுக்கு மசியாமல் கல்லாகிவிட்டால் எல்லாமே ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். 30 டிகிரி வெக்கையில் ஒரே நாளில் இறுகும், 20 டிகிரியில் மூன்று நாளும் ஆகலாம். குளிர் ஈஸ்டைக் கொல்லாது, வேகத்தைத்தான் குறைக்கும். ஒரு வாரத்துக்குள் குடித்துவிடு. வைக்க வைக்க இனிப்பு குறைந்து ஆல்கஹால் கூடும். ஆறு பாட்டில் ஒருத்திக்கு அதிகம். பக்கத்தில் யாராவது இருந்தால் கொடு. இருக்கிறார்களா?

அத்தை வீட்டுச் சேதி நிறைய இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

அன்றைக்குச் சமையல்கட்டில் ஒரு பாட்டில் வெடித்ததே, நீ குலுக்கியதால்தான் என்று அத்தனை பேர் முன்னால் திட்டினேன். குலுக்கிய பாட்டில் திறக்கும்போது பொங்கும், அவ்வளவுதான். நாலு நாள் அடுப்போரம் மறந்து வைத்தது நான். சில்லைப் பொறுக்கும்போதே எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லவில்லை. என் தப்புதான், அம்மாடி.

அந்த ஆறையும் இப்போதே ஃப்ரிட்ஜில் வை. தடித்த துண்டைச் சுற்றி எடு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள். ராத்திரி முழுக்கக் குளிரட்டும். காலையில் சிங்குக்குள் நிறுத்தி, துணி மூடியபடியே மூடியை மெல்ல மெல்லத் தளர்த்து. ஆறும் திறந்தானதும் எனக்கு ஒரு வரி போடு. எந்நேரமானாலும் சரி.

அப்பா